கணக்கைத் திரும்பிப் பார்த்தல்: பிரிட்டனின் அரசுப் பகுப்பாய்வாளர்கள், 2012–2025

ஓய்வூதிய வயதை ஓராண்டு உயர்த்தினால் கருவூலத்துக்கு எவ்வளவு மிச்சமாகும், அடுத்த பத்தாண்டில் சிறைகளில் எத்தனை இடம் தேவைப்படும், ஒரு ரயில் தடத்தைத் தனியாருக்கு ஒப்படைத்தால் அரசு ஏற்கும் இடர் எவ்வளவு என்பன போன்ற கேள்விகளுக்கு எண்ணால் விடை சொல்லும் பொறுப்பு, ஒவ்வொரு நவீன அரசிலும் பகுப்பாய்வாளர்கள் எனப்படும் ஒரு பிரிவினரிடம் ஒப்படைக்கப்பட்டிருக்கிறது. பிரிட்டனின் நடுவண் அரசில் இவர்கள் புள்ளியியலாளர், பொருளியலாளர், சமூக ஆய்வாளர், நிறுவனச் செயல்பாடுகளைக் கணித முறையில் ஆராயும் செயற்பாட்டு ஆய்வாளர், காப்பீட்டுக் கணிப்பாளர் எனப் பல தொழிற்பிரிவுகளாக ஆயிரக்கணக்கில் பணியாற்றுகிறார்கள். முடிவை அறிவிப்பவர் அமைச்சர். ஆனால் அந்த முடிவு நியாயமானதாகத் தோன்றுவதற்கு அடிப்படையாக நிற்பது பெரும்பாலும் இவர்களுடைய கணக்கு. எனவே இவர்களின் வேலை ஆண்டுக்கு ஆண்டு மேம்படுகிறதா, மேம்படாமல் போனால் அதற்கு என்ன காரணம் என்ற கேள்வி, வரி செலுத்தும் ஒவ்வொரு குடிமகனையும் தொடுகிற கேள்வியாகும்.

இந்த வேலை தானாக மேம்படும் இயல்புடையது அன்று. நோயாளியின் உடல்நிலை மருத்துவருக்கும், கட்டடத்தின் விரிசல் பொறியாளருக்கும் ஓரளவு விரைவில் பதில் சொல்லிவிடுகின்றன. அரசுப் பகுப்பாய்வாளர் இன்று தரும் மதிப்பீடு சரியா தவறா என்பது வெளிப்படச் சில ஆண்டுகள் ஆகலாம். அதற்குள் அமைச்சர் மாறியிருப்பார், கொள்கை மாற்றப்பட்டிருக்கும், கணக்கிட்டவரும் பதவி உயர்வு பெற்று வேறொரு துறைக்குப் போயிருப்பார். தம் கணிப்பு எந்த இடத்தில் பிசகியது என்பதை அறியாமலேயே ஒருவர் முப்பதாண்டுப் பணியை நிறைவு செய்துவிட முடியும். பயிற்சி வகுப்புகளும் சுற்றறிக்கைகளும் இந்தக் குறையைத் தீர்ப்பதில்லை. செய்த கணக்கு தடயம் விட்டுச் செல்லும்படியும், அதைப் பிறர் எடுத்துச் சரிபார்க்கும்படியும், கணிப்பும் நடந்ததும் அருகருகே வைத்துப் பார்க்கப்படும்படியும் வேலையே அமைக்கப்பட்டால்தான் அதைச் செய்பவர்கள் மேம்படுகிறார்கள் என்பதையே பிரிட்டனின் கடந்த பதின்மூன்று ஆண்டு அனுபவம் காட்டுகிறது. அந்த அனுபவத்தில் வெற்றிகளும் உண்டு, மிகவும் வருந்தத்தக்க தோல்விகளும் உண்டு.

தொடக்கப் புள்ளியாக அமைந்தது ஒரு ரயில் ஒப்பந்தம். லண்டனை பர்மிங்காம், மான்செஸ்டர், லிவர்பூல், கிளாஸ்கோ ஆகிய நகரங்களோடு இணைக்கும் மேற்குக் கடற்கரைத் தடத்தில் ரயில்களை இயக்கும் உரிமை ஃபர்ஸ்ட் குரூப் நிறுவனத்துக்கு வழங்கப்படுவதாக 2012 ஆகஸ்டில் போக்குவரத்துத் துறை அறிவித்தது. அதுவரை அத்தடத்தை இயக்கிவந்த விர்ஜின் நிறுவனம் நீதிமன்றத்தை நாடியது. தன் நிலைப்பாட்டைக் காக்க ஆவணங்களைத் திரட்டத் தொடங்கிய துறை, தன் கணக்கிலேயே கடுமையான பிழைகள் இருப்பதைக் கண்டுபிடித்து, அக்டோபர் 3ஆம் நாள் ஏலம் முழுவதையும் ரத்து செய்தது. இதனால் அரசுக்கு ஏற்பட்ட இழப்பு குறைந்தது 5 கோடி பவுண்டு என்று நாடாளுமன்றப் பொதுக் கணக்குக் குழு பின்னர் மதிப்பிட்டது.

பிழையின் தன்மையைச் சற்று விரிவாகப் பார்ப்பது அவசியம், ஏனெனில் அதில் கணிதச் சிக்கல் என்று சொல்லத்தக்கது மிகக் குறைவு. ஏலம் எடுத்த நிறுவனம் எதிர்பார்த்த வருவாய் வராமல் நடுவழியில் விலகிவிட்டால் அரசுக்கு நேரும் இழப்பை ஈடுசெய்ய, அதன் தாய் நிறுவனம் ஒரு பிணைத்தொகையை முன்கூட்டியே கடன் வடிவில் உறுதியளிக்க வேண்டும். ஏலத்தொகை எவ்வளவு துணிச்சலானதோ அந்த அளவுக்குப் பிணைத்தொகையும் உயர வேண்டும். இத்தொகையைக் கணக்கிடத் துறையிடம் தனிக் கருவி எதுவும் இருக்கவில்லை. நாட்டின் மொத்த உற்பத்தி ஏறி இறங்கும்போது ரயில் வருவாய் எப்படி மாறும் என்பதை அறிய வேறொரு நோக்கத்துக்காக உருவாக்கப்பட்டிருந்த கணிப்பு மாதிரி, அதாவது உலக நிலவரத்தைச் சில சமன்பாடுகளாகச் சுருக்கிச் சொல்லும் கணக்கமைப்பு, இதற்கும் பயன்படுத்தப்பட்டது. அது தந்த எண்கள் பணவீக்கம் நீக்கப்பட்ட மெய்மதிப்பில் இருந்தன. அவற்றைப் பணவீக்கம் சேர்ந்த நடப்பு மதிப்பாக எடுத்துக்கொண்டதால் தேவையான பிணைத்தொகை கணிசமாகக் குறைத்துக் காட்டப்பட்டது. பதின்மூன்று ஆண்டுக்கும் மேல் நீளும் ஓர் ஒப்பந்தத்தில், இந்த ஒரு குழப்பமே ஏலத்தின் நேர்மையைக் குலைக்கப் போதுமானதாக இருந்தது.

சாம் லெய்ட்லா தலைமையில் நடந்த விசாரணையின் அறிக்கை 2012 டிசம்பரில் வெளிவந்தபோது, அது தனியொருவரின் கவனக்குறைவைப் பற்றி மட்டும் பேசவில்லை. ஆட்குறைப்பும் மறுசீரமைப்பும் நடந்துகொண்டிருந்த காலத்தில், யார் எதற்குப் பொறுப்பு என்ற தெளிவு இல்லாமல், நெருக்கடியான காலக்கெடுவுக்குள், ஒரு நோக்கத்துக்கான கருவியை இன்னொரு நோக்கத்துக்கு வளைத்துப் பயன்படுத்தும் நிலைக்குத் துறை வந்திருந்தது. ஐயங்கள் எழுந்தபோதும் அவை முடிவெடுக்கும் மேல்மட்டத்துக்குத் தெளிவாகப் போய்ச் சேரவில்லை. முதல் எதிர்வினையாக மூன்று அலுவலர்கள் பணியிடை நீக்கம் செய்யப்பட்டார்கள். பொதுமக்கள் பணம் வீணானபோது அத்தகைய நடவடிக்கைக்கு எழும் அழுத்தம் புரிந்துகொள்ளத்தக்கதே. ஆனால் பிழை வெளிப்பட்டால் தலை போகும் என்று கற்றுக்கொள்ளும் ஓர் அலுவலகம், அடுத்த பிழையை முன்னைவிடத் திறமையாக மறைக்கவே கற்றுக்கொள்கிறது.

நல்லவேளையாக, எதிர்வினை அத்தோடு நிற்கவில்லை. கருவூலத் துறையின் நிரந்தரச் செயலர் சர் நிக்கோலஸ் மெக்பர்சன், அரசு முழுவதும் பயன்பாட்டில் உள்ள கணிப்பு மாதிரிகளின் தரம் எப்படி உறுதி செய்யப்படுகிறது என்று ஆராய்ந்து 2013 மார்ச்சில் அறிக்கை அளித்தார். பிழைத்தால் அரசுக்குப் பெருங்கேடு விளைவிக்கக்கூடியவை என்று வகைப்படுத்தத்தக்க மாதிரிகள் 500க்கும் மேல் இருப்பது அப்போதுதான் தெரியவந்தது. இத்தகைய ஒவ்வொரு மாதிரிக்கும் பெயர் குறிப்பிட்ட ஒரு மூத்த பொறுப்பாளர் இருக்க வேண்டும், எந்தத் துறை எந்தெந்த மாதிரிகளை நம்பி இயங்குகிறது என்ற பட்டியல் இருக்க வேண்டும் என்பவை பரிந்துரைகளில் முதன்மையானவை. நடைமுறையில் இவை பெரிய மாற்றங்கள். தன் முடிவுகள் எந்தெந்தக் கணக்குகளின் மேல் நிற்கின்றன என்பதையே அறியாத ஒரு நிறுவனம் அவற்றை மேம்படுத்துவதைப் பற்றிப் பேசவே முடியாது.

அந்த அறிக்கையின் வழியில் 2015 மார்ச்சில் கருவூலத் துறை வெளியிட்ட கையேடு, கடல்நீல அட்டையால் அக்வா புக் என்று அழைக்கப்படுகிறது. பகுப்பாய்வைக் கேட்டுப் பெறுபவர், அதைச் செய்பவர், அதன் தரத்துக்கு உறுதி சொல்பவர் ஆகிய மூவரின் கடமைகளை அது தனித்தனியாகப் பிரித்துக் காட்டுகிறது. கணக்கு பிழையின்றிப் போடப்பட்டிருக்கிறதா என்ற சரிபார்ப்பும், போடப்பட்ட கணக்கு கேட்ட கேள்விக்கு ஏற்றதுதானா என்ற பொருத்தச் சோதனையும் வேறுவேறு என்று அது வலியுறுத்துகிறது. ரயில் ஏலத்தில் இரண்டுமே தவறியிருந்தன. மூன்று பங்காளிகளில் கேட்டுப் பெறுபவரையும் சேர்த்ததே அந்நூலின் சிறப்பு என்று சொல்ல வேண்டும். வெள்ளிக்கிழமை மாலை ஒரு கேள்வியை எழுப்பித் திங்கள் காலைக்குள் ஓர் எண்ணைக் கேட்கும் மேலதிகாரி, அந்த எண்ணின் தரத்தைத் தாமும் சேர்ந்தே தீர்மானிக்கிறார். மதிப்பீட்டில் உள்ள உறுதியின்மையை மறைக்காமல் முடிவெடுப்பவரிடம் கொண்டுசேர்ப்பதும் பகுப்பாய்வின் பகுதியே என்று அந்நூல் கூறுவதற்கும் இதுவே காரணம்.

இன்னொருவர் தனித்து நின்று சரிபார்க்க வேண்டும் என்ற கருத்துக்கு அரசுப் பணியில் மிகச் சிறந்த முன்னோடி ஒன்று இந்தியாவில் உண்டு. வங்காளத்தின் சணல் சாகுபடிப் பரப்பை மாதிரிக் கணக்கெடுப்பால் மதிப்பிடும் பணியில் ஈடுபட்ட பி. சி. மகலானோபிஸ், ஒரே பகுதியில் இரண்டு மாதிரிகளைப் பின்னிப் பிணைந்தாற்போலத் தேர்ந்தெடுத்து, அவற்றை ஒருவரையொருவர் சாராத வெவ்வேறு களப்பணியாளர்களிடம் ஒப்படைத்தார். இரு அணிகளின் முடிவுகளுக்கும் இடையே உள்ள வேறுபாடு, யாரையும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றாமலே, களப்பணியின் பிழையளவைக் காட்டிவிட்டது. 1950இல் தொடங்கிய தேசிய மாதிரிக் கணக்கெடுப்பிலும் இம்முறை இடம்பெற்றது. சோதனையை வேலை முடிந்தபின் ஒட்டவைக்காமல் வேலையின் வடிவத்துக்குள்ளேயே வைத்த அந்தச் சிந்தனை இன்றைய கையேடுகள் பலவற்றைவிட ஆழமானது.

கையேடு மேலிருந்து வந்தது என்றால், அடுத்த மாற்றம் கீழிருந்து வந்தது. அரசின் புள்ளிவிவர வெளியீடுகள் நெடுங்காலமாக ஏறத்தாழ ஒரே விதமாகத் தயாரிக்கப்பட்டுவந்தன: தரவுத்தளத்திலிருந்து எடுத்த எண்கள் ஒரு விரிதாளுக்குப் போகும், அங்கிருந்து நகலெடுத்து இன்னொரு விரிதாளில் ஒட்டப்படும், வரைபடம் ஓரிடத்திலும் அட்டவணை வேறிடத்திலும் தயாராகும், கடைசியில் எல்லாம் ஓர் ஆவணத்தில் கையால் சேர்க்கப்படும். ஒவ்வொரு நகலும் பிழைக்கு ஒரு வாசல், ஒவ்வொரு படியும் செய்தவரின் நினைவில் மட்டுமே பதிவான ஒன்று. பண்பாடு, ஊடகம், விளையாட்டுத் துறையின் புள்ளியியலாளர்களும் அரசு மின்னணுச் சேவையின் தரவு வல்லுநர்களும் சேர்ந்து, 2017 வாக்கில், ஒரு வெளியீட்டின் முழுத் தயாரிப்பையும் ஆர் என்ற இலவச நிரல்மொழியில் எழுதிக் காட்டினார்கள். மூலத் தரவிலிருந்து அச்சான அட்டவணை வரை எல்லாப் படிகளும் நிரலாக இருந்தமையால், எவரும் எப்போதும் அதை மீண்டும் ஓட்டி அதே விடையைப் பெறலாம். ஒவ்வொரு திருத்தமும் யார், எப்போது, எதற்காகச் செய்தார் என்ற குறிப்போடு பதிவாகும். மீளச் செய்யத்தக்க பகுப்பாய்வுத் தடம் என்ற பொருளில் இம்முறைக்கு ஒரு பெயர் வைக்கப்பட்டு, அதன் ஆங்கிலச் சுருக்கமான ராப் என்பதே அலுவலக வழக்காயிற்று.

இம்முறையின் உண்மையான பயன் வேகத்தில் மட்டும் அடங்கவில்லை. நிரல் என்பது படிக்கத்தக்க ஒரு பொருள். ஆகவே இளைய பகுப்பாய்வாளர் மூத்தவரின் வேலையை வரிவரியாகப் படித்துக் கற்கலாம், மூத்தவரின் தவறை இளையவர் சுட்டவும் செய்யலாம். சக ஊழியர் பார்த்து ஒப்புதல் தராமல் திருத்தம் எதுவும் சேராது என்ற ஏற்பாட்டில், விமரிசனம் அன்றாட வேலையின் இயல்பான படியாகிவிடுகிறது. ஒருவரின் பிழையைக் கண்டு சொல்வது அவமதிப்பாகக் கருதப்படுவதில்லை. துறைதோறும் தாமாக முன்வந்த ஊழியர்கள் பிறருக்குக் கற்றுக்கொடுக்கும் வலையமைப்பாக இணைந்து இதைப் பரப்பினார்கள். எந்த உத்தரவும் இல்லாமல் ஆர்வத்தால் பரவிய இந்தக் காலகட்டமே இக்கதையில் மிகவும் நம்பிக்கையூட்டும் பகுதி.

ஆர்வத்தால் மட்டும் எட்டக்கூடிய தூரம் எவ்வளவு என்பதும் விரைவில் தெரிந்தது. அரசுப் புள்ளிவிவரங்களின் தரத்தைக் கண்காணிக்கும் புள்ளியியல் ஒழுங்குமுறை அலுவலகம், ராப் முறை ஏன் எல்லா இடத்திலும் வேரூன்றவில்லை என்று ஆராய்ந்து 2021 மார்ச்சில் வெளியிட்ட அறிக்கை, தேவையான மென்பொருளை அலுவலகக் கணினியில் நிறுவ அனுமதி கிடைக்காமை, கற்பதற்கும் மாற்றுவதற்கும் நேரம் ஒதுக்கப்படாமை, மேலதிகாரிகளின் ஆதரவுக் குறைவு ஆகியவற்றைத் தடைகளாகச் சுட்டியது. தாமாக முன்வந்தவர்கள் தம் வழக்கமான பணிச்சுமைக்கு மேலேயே இதைச் செய்துவந்தார்கள். அவர்கள் இடம் மாறியதும் சில இடங்களில் நிரலைப் பராமரிக்க ஆளில்லாமல் போனது. 2022இல் அரசின் பகுப்பாய்வுப் பிரிவு இதற்கென ஒரு செயலுத்தியை வெளியிட்டது. அதே ஆண்டு ஏப்ரலில் பென் கோல்டேக்கர் மருத்துவத் தரவுகள் குறித்து அளித்த அறிக்கையும், தேசியச் சுகாதாரச் சேவையின் பகுப்பாய்வாளர்களுக்கு ஒழுங்கான தொழிற்படிநிலையும் பயிற்சியும் நவீனக் கருவிகளும் இல்லாதிருப்பதை விரிவாகப் பேசியது.

இவையெல்லாம் அலுவலக நடைமுறை பற்றிய விவாதங்கள் மட்டுமே என்று எண்ணியவர்களுக்கு 2020 அக்டோபர் விடை சொல்லியிருந்தது. கொரோனா பரிசோதனைக் கூடங்களிலிருந்து வந்த முடிவுகளை இங்கிலாந்தின் பொதுச் சுகாதார அமைப்பு பழைய வடிவ எக்செல் கோப்புகளில் ஏற்றிவந்தது. அவ்வடிவில் ஒரு தாளுக்கு 65,536 வரிசைகளுக்கு மேல் இடமில்லை. தொற்று பெருகியபோது மிகுந்த வரிசைகள் எந்த எச்சரிக்கையும் இல்லாமல் விடுபட்டன. செப்டம்பர் 25 முதல் அக்டோபர் 2 வரை 15,841 தொற்றாளர்கள் அன்றாடக் கணக்கில் சேராமல் போனதோடு, அவர்களோடு பழகியவர்களைத் தேடி எச்சரிக்கும் பணியும் பல நாள்கள் தாமதமாயிற்று. எக்செல்லைப் பழித்து இதைக் கடந்துவிடுவது எளிது. அனுப்பிய வரிசைகளும் வந்துசேர்ந்த வரிசைகளும் சமமா என்று ஒப்பிடும் ஒரேயொரு தானியங்கிச் சோதனை அவ்வழியில் எங்கேனும் இருந்திருந்தால், தவறு முதல் நாளிலேயே பிடிபட்டிருக்கும். ராப் முறையைக் கற்பவர்களுக்குச் சொல்லித்தரப்படும் தொடக்கப் பாடங்களில் அத்தகைய சோதனையும் ஒன்று.

இதுவரை பார்த்தவை செய்முறைப் பிழைகள். கணிப்புப் பிழைகள் வேறு வகையைச் சேர்ந்தவை. அங்கே கணக்கு சரியாகவே இருக்கும், உலகம் வேறு வழியில் போயிருக்கும். அரசின் பொருளாதார, நிதிக் கணிப்புகளை அமைச்சர்களின் கையிலிருந்து எடுத்துச் சுதந்திரமாகச் செய்வதற்காக 2010இல் உருவாக்கப்பட்ட வரவுசெலவுப் பொறுப்பு அலுவலகம், தன் முந்தைய கணிப்புகள் எவ்வளவு துல்லியமாக இருந்தன என்று ஆண்டுக்கு ஒருமுறையேனும் மதிப்பிட வேண்டும் என 2011ஆம் ஆண்டுச் சட்டம் கட்டளையிடுகிறது. தவறு எங்கே நேர்ந்தது, எந்த அனுமானம் பொய்த்தது என்பதை நிறுவனமே எழுதி வெளியிடுகிறது. ஆண்டுதோறும் தவறாமல் வரும் கடமையாக இருப்பதால், அதைச் செய்வது பலவீனமாகப் பார்க்கப்படுவதில்லை. அரசுப் பகுப்பாய்வில் தொடர் மேம்பாட்டை ஊக்குவிக்கும் ஏற்பாடுகளில் இதைவிடத் தெளிவான ஒன்றைக் காண்பது அரிது.

ஆனாலும் அதன் எல்லையும் கவனத்துக்குரியது. ஒரு மணி நேர உழைப்பு தரும் உற்பத்தி 2008 நெருக்கடிக்கு முந்தைய வேகத்துக்குத் திரும்பும் என்ற எதிர்பார்ப்பு ஆண்டுக்கு ஆண்டு பொய்த்துக்கொண்டே வந்தது. மதிப்பீட்டு அறிக்கைகளும் அதைப் பதிவு செய்துகொண்டே வந்தன. 2017 நவம்பரில்தான் அந்த அனுமானம் பெரிதாகக் குறைக்கப்பட்டது. 2025 நவம்பரில் மீண்டும் ஒருமுறை குறைக்க வேண்டிவந்தது. பிழையைக் காண்பதற்கும் அதை ஏற்றுக் கருத்தை மாற்றுவதற்கும் இடையே சில ஆண்டுகள் கடந்துவிடலாம், குறிப்பாக மாற்றத்தின் விலை பல நூறு கோடி பவுண்டு வரியாக இருக்கும்போது. நேரமின்மையும் இதோடு சேர்கிறது. அமெரிக்க மத்திய வங்கியின் முன்னாள் தலைவர் பென் பெர்னான்கி 2024 ஏப்ரலில் இங்கிலாந்து வங்கியின் கணிப்பு முறை குறித்து அளித்த அறிக்கை, காலாவதியான மென்பொருளைச் சமாளிப்பதிலேயே ஊழியர்களின் நேரம் கரைவதையும், அதற்கான முதலீடு கடுமையாகப் புறக்கணிக்கப்பட்டிருப்பதையும் சுட்டிக்காட்டியது. கணிப்பைத் தயாரிக்கவே நேரம் போதாத இடத்தில், அதைத் திரும்பிப் பார்க்க யாரும் எஞ்சுவதில்லை.

இந்தப் பதின்மூன்று ஆண்டுகளின் மிகக் கடுமையான பாடம் தேசியப் புள்ளியியல் அலுவலகத்திலிருந்து வந்தது. வேலைவாய்ப்பு, வேலையின்மை ஆகியவை பற்றிய எண்களுக்கு அடிப்படை ஆதாரமான தொழிலாளர் கணக்கெடுப்பில், பத்தாண்டுகளுக்கு முன் ஏறத்தாழ பாதி வீடுகள் பதிலளித்த நிலை மாறி, 2023இல் பதிலளித்தோர் விகிதம் சுமார் 17 விழுக்காடாகச் சரிந்தது. அவ்வாண்டு அக்டோபரில் அதன் வெளியீடே நிறுத்திவைக்கப்பட்டது. வட்டி விகிதத்தைத் தீர்மானிப்பவர்கள் வேலையின்மை பற்றிய உறுதியான எண் இல்லாமல் முடிவெடுக்க நேர்ந்தது. பழைய கணக்கெடுப்புக்கு மாற்றாக வடிவமைக்கப்பட்டுவந்த புதியதோ 2027 வரைகூடத் தள்ளிப்போகலாம் என்று 2024இன் இறுதியில் சொல்லப்பட்டது. சரிவு ஓர் இரவில் நிகழ்ந்ததன்று. ஆண்டுக்கணக்கில் எண்களாகவே கண்முன் இருந்தது.

அப்படியிருந்தும் ஏன் எவரும் தடுக்கவில்லை என்ற கேள்விக்கு, முன்னாள் நிரந்தரச் செயலர் சர் ராபர்ட் டெவரூ 2025 ஜூனில் அளித்த அறிக்கை நேராகவே விடை தந்தது. அலுவலகத்தின் தலைமைக்குப் புதிய திட்டங்களில் இருந்த ஆர்வம், அன்றாடம் பராமரிக்க வேண்டிய அடிப்படைக் கணக்கெடுப்புகளிலிருந்து கவனத்தையும் வளத்தையும் இழுத்துக்கொண்டது. கசப்பான செய்தியைக் கேட்கவும் அதன்மேல் நடவடிக்கை எடுக்கவும் மேல்மட்டத்தில் தயக்கம் இருந்தது. இங்கே திறமைக்குக் குறைவில்லை. புதுமை என்ற பெயரில் முன்னேற்றம் பற்றிய பேச்சும் தாராளமாகவே இருந்தது. மேம்பாடு என்பதைப் புதியதைத் தொடங்குவது என்று மட்டும் புரிந்துகொண்டால், இருப்பதைச் செம்மையாக வைத்திருப்பவரின் உழைப்பு பதவி உயர்வுக் குழுவின் கண்ணுக்குத் தெரியாமல் போகிறது. தெரியாத உழைப்பை இளைய தலைமுறை தேர்ந்தெடுப்பதும் இல்லை.

தேசியப் புள்ளியியலாளர் பதவியையும் அலுவலகத்தை நிர்வகிக்கும் பொறுப்பையும் இரு வேறு நபர்களிடம் பிரித்துக் கொடுக்க வேண்டும் என்பது டெவரூவின் பரிந்துரைகளில் முக்கியமானது. நிர்வாகத் திறமையும் புள்ளியியல் புலமையும் ஒருவரிடமே நிறைவாக அமைவது அரிது என்பதால் இப்பிரிவினைக்கு நியாயம் உண்டு. ஆயினும் 2012இன் போக்குவரத்துத் துறையில் ஐயம் மேலே ஏறாமல் நின்றதும், 2023இன் புள்ளியியல் அலுவலகத்தில் சரிவு மேலே கேட்கப்படாமல் போனதும் ஒரே படிக்கட்டில்தான். பதிலளிப்போர் விகிதம் மாதந்தோறும் குறைவதை முதலில் பார்த்தவர்கள் களப்பணி மேற்பார்வையாளர்களும் அவர்களின் எண்களைத் தொகுத்த இளநிலைப் பகுப்பாய்வாளர்களும் ஆவர். அவர்கள் எழுதும் குறிப்பு எத்தனை மேசைகளைக் கடந்து, எத்தனை முறை மென்மையாக்கப்பட்டு, எந்த வடிவில் தலைமையை எட்டுகிறது என்பதை இந்தப் பிரிவினை மாற்றியமைக்கிறதா என்பதை வைத்தே, வருங்காலத்தில் அதை மதிப்பிட வேண்டியிருக்கும்.